திரும்பி வராத வாடிக்கையாளர்

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கிளம்பும் பயணிகள் கப்பல், போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய 60 மணி நேரம் ஆகும். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினாலும் பயணிகளின் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு இரண்டரை நாள் கப்பலில் போகிறவர்களில், இருக்கும் பணத்தை மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்து ஊர் சுற்றும் இளைஞர்களும் உண்டு. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார். கொஞ்சம் உள்ளே போனால் ஈவ்னிங் பஜார். வடக்கே நடந்தால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. அதையும் தாண்டினால் கயிறும் தார்ப்பாயும் விற்கும் காசிமேட்டுக் கடைகள். பயணத்தில் பிய்ந்ததையும் பழசானதையும் மாற்றிக்கொள்ள இதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கம் இல்லை. பையின் ஜிப்பு, செருப்பு, டிஸ்பிளே உடைந்த கைபேசி, சார்ஜ் நிற்காத பவர் பேங்க் என எல்லாவற்றுக்கும் ஒரே நடையில் மாற்று கிடைத்துவிடும். ஆனால் "அண்ணா, நாளைக்கு எனக்குக் கப்பல்" என்று வாடிக்கையாளர் வாய்விட்டதுமே பேரத்தின் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இவர் திரும்பி வரமாட்டார் என்பது விற்பவருக்குத் தெரிந்துவிட்டது. நீண்ட பயணத்தில் பொருள் வாங்குகிறவரின் பெரிய பலவீனம் பணம் குறைவாக இருப்பது அல்ல, இதுதான். உள்ளூர்க்காரர் மறுநாள் வந்து சத்தம் போடலாம். பயணி மறுநாள் நடுக்கடலில் இருப்பார்.

இந்தப் பலவீனத்தைச் சட்டம் ஓரளவு ஏற்கெனவே சரிசெய்துவிட்டது என்பது பலருக்கும் தெரியாது. 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். ஈரோட்டுக்காரர் பாரிமுனையில் வாங்கிய பொருளுக்காகச் சென்னைக்குத்தான் வந்து அலைய வேண்டும். பேருந்துச் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் யாரும் வரவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. அதன் 34ஆவது பிரிவின்படி, புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலோ பிழைப்புக்காக வேலை செய்யும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ராயபுரத்தில் வாங்கியதற்கு ஈரோட்டில் வழக்குப் போடலாம். வட சென்னைக்கென்று தனி மாவட்ட ஆணையம் இருந்தாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. ஆறு மாதம் சுற்றிவிட்டு வீடு திரும்பிய பிறகும் உரிமை உயிரோடு இருக்கும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். காணொலி வழி விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வாங்கிய ஊரைவிட்டுப் போய்விட்டவர் என்ற குறையைச் சட்டம் தன் பக்கத்திலிருந்து துடைத்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை, வாங்கியதற்கு ஆதாரம் இல்லாமல் போவது. ஆகவே என் வாதம் இதுதான்: நெடும்பயணத்தில் பழசை மாற்றும்போது விலையைக் குறைக்கப் பேரம் பேசுவதற்கு முன்னால், சீட்டுக்குப் பேரம் பேச வேண்டும்.

பில் கொடுக்காமல் விற்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47)ஆவது உட்பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வாசகத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே கணக்கு வைக்கிறது. பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க இது உதவாது. குறைபாடு இருக்க வேண்டும். பழைய பொருளை, பிரித்துச் சேர்த்ததை, பாலிஷ் போட்டதைப் புதுசு என்று சொல்லி விற்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. "சீல் பீஸ்" என்ற பெயரில் திரும்ப ஒட்டிய டப்பாவை நீட்டுகிறவர் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல, சட்டத்தில் பெயர் வைத்த தவறு. பழைய பொருள் என்று தெரிந்தே வாங்கினாலும் நுகர்வோர் நுகர்வோர்தான். செகண்ட் ஹேண்ட் என்பதற்காகச் சட்டம் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. ஆனால் கடை வைக்காத ஒரு தனிநபர் தன் சொந்தக் கைபேசி செட்டைச் செயலி வழியாக விற்றால் நிலைமை வேறு. அவரை வணிகர் என்று நிரூபிப்பது கடினம். பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துக் கைமாற்றும் வியாபாரத்தில் விலை எவ்வளவு இறங்கினாலும், பயணியின் பாதுகாப்பு அதைவிட வேகமாக இறங்குகிறது.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்? கடைப் பெயர், முகவரி, தேதி, பொருளின் பெயர், வரிசை எண், விலை, புதியதா பழையதா, எத்தனை நாள் கியாரண்டி. அச்சடித்த பில்தான் வேண்டும் என்பதில்லை. கடைக்காரரின் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கினாலும் ஆதாரம் ஆதாரம்தான். அதற்கும் வழியில்லாதபோது ரொக்கத்தை விட்டு யு.பி.ஐ.யில் பணம் கொடுப்பது நல்லது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது வங்கிப் பதிவில் நிற்கும். பொருளையும் கடைப் பலகையையும் ஒரே படத்தில் எடுத்து வைப்பதும், "இன்று உங்களிடம் இந்த மாடல் வாங்கினேன், ஒரு மாத கியாரண்டி சொன்னீர்கள்" என்று கடை எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுவதும் இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் அதற்கு "சரி" என்று பதில் போட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. படம் பிடிப்பதைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதற்கு முதல் ஆட்சேபம் காசு சம்பந்தப்பட்டது. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறும், குறைந்த பணத்தில் சுற்றுகிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா? கைபேசிக்கு 2020 ஏப்ரல் முதல் 18 சதவீத வரி என்பது உண்மை. ஆனால் பில்லும் ஜி.எஸ்.டி.யும் ஒன்றல்ல. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. அது வரி போடாமலே ரசீது கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பதிவு செய்த பழைய பொருள் வியாபாரிக்கும் ஜி.எஸ்.டி. விதிகளில் சலுகை உண்டு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான லாபத்துக்கு மட்டும் அவர் வரி கட்டினால் போதும். 6,000க்கு வாங்கிய பழைய செட்டை 7,000க்கு விற்கிறவர் வரி கட்ட வேண்டியது அந்த ஆயிரத்துக்குத்தான். ஆக, "பில் வேணும்னா ஆயிரத்து இருநூறு கூட ஆகும்" என்று சொன்னால் கணக்கு எங்கோ உதைக்கிறது. புதுப் பொருளுக்கு வரி ஏறுவது நிஜம், அங்கே பயணி கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு பயணத்தில் ஒரே சாமானை இரண்டு தடவை வாங்கினால் மிச்சம் பிடித்த வரி எங்கே போனது என்று நான் கேட்கமாட்டேன், அவருக்கே தெரியும்.

இரண்டாவது ஆட்சேபத்தை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளமாட்டேன். வட சென்னையின் இந்தக் கடைத்தெருக்கள் எளியவர்களின் பிழைப்பு. பில், கியாரண்டி, வழக்கு என்று பேசினால் பெரிய ஷோரூம்களுக்குத்தான் லாபம், நடைபாதைக்காரர் நசுங்கிப்போவார் என்று சொல்வோர் உண்டு. பர்மா பஜாரின் கதை இதற்கு வலு சேர்க்கிறது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய பிறகு, பர்மாவில் சொத்தை இழந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் உருவானதுதான் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தக் கடைவரிசை. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் கால்குலேட்டரும் சென்னைக்காரர் கைக்கு வந்தது இந்த வழியாகத்தான். 1991க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த மவுசு குறைந்தது. கைபேசியும் அதன் உதிரிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. அங்கே இருப்பதெல்லாம் களவுச் சரக்கு என்று பேசுவது அபாண்டம். ஆனால் பில் கேட்பதால் நேர்மையான கடைக்காரருக்கு நஷ்டம் வருவதில்லை. இரண்டு கடை தள்ளி அதே மாடலின் "ஃபர்ஸ்ட் காப்பி"யைப் பாதி விலையில் விற்கிறவரோடு போட்டி போட வேண்டியிருப்பதுதான் அவருக்கு நஷ்டம். அசலையும் போலியையும் பிரித்துக் காட்ட அவரிடம் இருக்கும் ஒரே கருவி, தன் கையெழுத்துப் போட்ட சீட்டு. எளியவரின் பிழைப்பைக் காக்க எளியவரான வாடிக்கையாளர் ஏமாற வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கைபேசியைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பயணிக்கு இன்று அதுதான் பர்ஸ், டிக்கெட், வரைபடம், அடையாள அட்டை எல்லாம். அது உடையாமலே பழசாகிப் போகிறது என்பதுதான் இன்றைய சிக்கல். 2016இல் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜி மட்டும்தான், 2ஜி செட்டில் அந்த சிம் வேலை செய்யாது. 2025 ஜனவரியோடு ஆண்ட்ராய்டு கிட்கேட் பதிப்பில் வாட்ஸ்அப் நின்றது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன செட்டில் வங்கிச் செயலிகளை ஓட்டுவது ஆபத்து. ஆகவே "நல்லாத்தானே இருக்கு" என்று மலிவாகக் கிடைக்கும் பழைய மாடலை வாங்கும் முன், அதன் ஆண்ட்ராய்டு பதிப்பையும் கடைசியாக எப்போது புதுப்பிப்பு வந்தது என்பதையும் அமைப்புகளில் திறந்து பார்க்க வேண்டும். சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு தீவில் இணையம் தேறியிருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் கருவிக்கு 4ஜி அலைவரிசை எட்டாவிட்டால் கேபிளால் பயனில்லை.

செகண்ட் ஹேண்ட் செட்டில் பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து குற்ற வழக்கு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. 30,000 ரூபாய் செட், டப்பா இல்லாமல், சார்ஜர் இல்லாமல், 5,000 ரூபாய்க்குக் கிடைத்தால் அந்த விலையே "நம்பக் காரணம்" ஆகிவிடலாம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், செட்டின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பழைய செட் வாங்கி விற்கிறவர்கள் தடை செய்யப்பட்ட எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது 2025இல் விதியாகவே வந்துவிட்டது. வாங்குகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: செட்டில் *#06# அழுத்தி 15 இலக்க எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடைப்பட்டியலில் இருக்கிறது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் கடையைவிட்டு இறங்கிவிடலாம். கடைக்காரர் முன்னாலேயே செய்யலாம், இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த செட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி தருகின்றன. சுங்கத் தீர்வை கட்டாமல் வந்த சரக்கு என்று தெரிந்தே வாங்கினால் சுங்கச் சட்டம் வாங்கியவரையும் தொடும்.

செட்டை மாற்றும் நாளையும் யோசித்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். யு.பி.ஐ. செயலி சிம்மோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டது. புதுக் கருவியில் ஏற்றினால் பல வங்கிகள் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடுவதில்லை. தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கினால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தி வைக்கப்படும். ஓ.டி.பி. வராது என்று அர்த்தம். சிம் மாற்றிய ஏழு நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது. இந்தத் தடைகள் நம்மைக் காப்பதற்காக வந்தவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் ஏறும் காலையில் சிம் மாற்றுகிறவர் கையில் ரொக்கம் இல்லாமல் தவிப்பார். இரண்டு நாள் தங்கும் ஊரில் மாற்றுவதே சரி. செட் திருட்டுப் போனால், ரயிலில் எந்த ஊரில் போனது என்று தெரியாவிட்டாலும் இறங்கிய ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட்ல வராது" என்று திருப்பி அனுப்புவதற்கு இப்போது இடமில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் நிலையத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. அந்தப் புகார் நகலும் அதே எண்ணில் வாங்கிய மாற்று சிம்மும் இருந்தால், சஞ்சார் சாத்தி வழியாக ஐ.எம்.இ.ஐ.யை நாடு முழுக்க முடக்கலாம். வாங்கியபோது எழுதி வைத்த சீட்டில் அந்த எண் இருந்தால் இதெல்லாம் பத்து நிமிட வேலை. பணம் போயிருந்தால் இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு முதலில் அழைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

பை, செருப்பு விஷயத்தில் மலிவு தோற்றால் காசு போகும், காலில் கொப்புளம் வரும். அத்தோடு தீர்ந்தது. சில பொருள்களில் அப்படித் தீராது. பவர் பேங்குக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மேலேயே ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கும். அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை அடித்தால் யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும். 300 ரூபாய்க்கு 50,000 எம்.ஏ.எச். என்று அச்சடித்த பெட்டியில் இந்த எண் இருக்காது, இருந்தாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும். திரும்பும்போது விமானம் ஏறுகிறவருக்கு இன்னொன்று: பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் போகலாம், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-மணி, கவலையில்லை. பெட்டியில் எழுதிய 50,000 பொய்யாகவே இருந்தாலும், விமான நிலையத்தில் அந்த எழுத்தைத்தான் படிப்பார்கள். தலைக்கவசத்திலும் இதே கதை. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தை விற்பதே சட்டவிரோதம். புல்லட் பைக் பல காலம் தயாரான திருவொற்றியூரிலேயே சாலையோரத்தில் முத்திரை இல்லாத தொப்பிகள் தொங்கினால் அவற்றுக்குப் பெயர் தலைக்கவசம் அல்ல. பைக்கில் நெடுந்தூரம் போகிறவர் டயரின் பூ 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மோட்டார் வாகன விதிகளின்படி அது ஓடத் தகுதியற்றது.

அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டுச் செலவைக் குறைக்கச் சின்ன சிலிண்டர் அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு போவோர் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தனியார் சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து பல நாள் பயணமாக வந்தவர்கள். சட்டத்தை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரில் அடுப்புப் பற்றவைத்ததால் மூண்ட தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். ரயிலில் எரியும் பொருளை எடுத்துச் செல்வதற்கு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அந்தப் பெட்டியில் செத்தவர்களுக்கு எந்தப் பிரிவும் உதவவில்லை. வீட்டு சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு நிரப்பித் தரும் ஒன்றிரண்டு கிலோ உருளைகளுக்கு ரசீதும் கிடையாது, சோதனை முத்திரையும் கிடையாது. ஓரிடத்தில் மாதக்கணக்கில் தங்கிச் சமைக்க வேண்டியவருக்கு எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டர் தருகின்றன. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஊர் மாறும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானது. ஜிப்பு ரன்னர் மாற்ற இருபது முப்பது ரூபாய் ஆகிற இடத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் பை வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். மின்னணுப் பொருளிலும் பழுது பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை என்ற எண்ணத்தை அரசு ஏற்றிருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதற்கென ஒரு தளம் திறந்து, எந்த நிறுவனத்துக்கு எங்கே உதிரி கிடைக்கும் என்ற தகவலை ஓரிடத்தில் சேர்க்கத் தொடங்கியது. பழுது பார்ப்பது சேவை. அதில் குறை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் சீட்டுதான் பேசும்: செட்டின் ஐ.எம்.இ.ஐ., என்ன பழுது, என்ன உதிரி, அசலா காப்பியா, எத்தனை நாள் கியாரண்டி என்று எழுதிய ஜாப் ஷீட். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்பதும், சிம்மை எடுத்துவிட்டு, பணச் செயலிகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுப்பதும் நல்லது. பேட்டரி மட்டும் காப்பி போடக் கூடாது, உப்பியதை ஒரு நாள்கூட வைத்திருக்கவும் கூடாது.

வழக்கு என்று போனால் எத்தனை வருஷம் என்பதுதான் கடைசி ஆட்சேபம், வலுவான ஆட்சேபமும் கூட. மூன்று மாதத்தில், சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிகிறது என்று சொன்னால் ஆணையத்தின் படியேறியவர்கள் சிரிப்பார்கள். 800 ரூபாய்ப் பைக்காக வழக்குப் போடச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் உரிமையின் பயன் தீர்ப்பில் மட்டும் இல்லை. முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். பெயர் பெற்ற நிறுவனங்களிடம் இது ஓரளவு எடுபடும், தனிக் கடையிடம் அவ்வளவு எடுபடாது. இணையத்தில் வாங்கிய பொருள் என்றால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 15,000 ரூபாய் செட்டுக்கு இரண்டும் பலிக்காவிட்டால் ஊர் திரும்பியதும் மாவட்ட ஆணையம். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்த கடைக்காரர் சீட்டு எழுதும் அந்த நிமிடத்திலேயே நல்ல பொருளை எடுத்துக் கொடுப்பார். வழக்கே நடக்காமல் சட்டம் வேலை செய்வது இப்படித்தான்.

பொழுதுபோக்காக ஊர் சுற்றுகிறவர்களுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள், எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை கடைத்தெருவைப் பார்க்கலாம். ஒரு பையில் வாழ்க்கையை அடைத்து, ஊர் ஊராக வேலை தேடிப் போகும் வடமாநிலத் தொழிலாளர்களும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களும்தான் இந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதி. அவர்களும் ஒப்பந்தம் முடிந்தால் திரும்பி வராதவர்கள், அவர்களுக்கும் பில் கிடைப்பதில்லை, திருட்டு செட் வழக்கில் முதலில் மாட்டுவதும் மொழி தெரியாத அவர்கள்தான். வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ என்று சட்டம் இரண்டையும் சொல்லியிருப்பதால், திருவொற்றியூர்ப் பட்டறையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் இங்கேயும் புகார் கொடுக்கலாம், கஞ்சம் மாவட்டத்துக்குத் திரும்பிய பிறகு அங்கேயும் கொடுக்கலாம். கடையில் தமிழில் எழுதிய சீட்டு அங்கே செல்லுமா என்றால், மொழிபெயர்ப்போடு செல்லும்.

வாங்கியதோடு விஷயம் முடிவதில்லை, கழித்ததும் எங்கோ போகிறது. பழைய பையும் செருப்பும் குப்பைத்தொட்டியில் விழுந்தால், வட சென்னையில் அவை சேருமிடம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. நகரத்தின் பாதிக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்து, புகையை மூச்சில் வாங்கும் மக்கள் அதைச் சுற்றி இருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி அந்தக் குவியலில் நசுங்கினால் தானே பற்றிக்கொள்ளும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், தயாரிப்பு நிறுவனங்களையே மின்கழிவுக்குப் பொறுப்பாக்குகின்றன. ஆகவே செத்துப்போன பவர் பேங்கையும் செட்டையும் நிறுவனத்தின் சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமோ கொடுக்கலாம். எடைக்குப் போட்டால் பத்து ரூபாய் கிடைக்கும், ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவரின் நுரையீரல் மீதியைக் கட்டும். இன்னும் ஓடுகிற செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்து, ஐ.எம்.இ.ஐ. குறிப்பிட்டு, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று ஒரு சீட்டு வாங்கி வைக்க வேண்டும். அந்தக் கருவி நாளை ஒரு மோசடி அழைப்புக்குப் பயன்பட்டால், காவல் துறை அதன் பழைய பயனர் பட்டியலைப் பார்த்துத்தான் தேடத் தொடங்கும்.